பரணில் கிடந்த நீலப் பெட்டி... 'வாத்தியார் பாட்டு' திறந்ததா?

"பாப்பா, இந்த டப்பாவப் பழைய இரும்புக்குப் போட்ரவா? ஒங்க அத்தை தெனமும் வையுது."

போன மாதம் மாமா அனுப்பிய வாட்ஸ்அப் ஆடியோ இவ்வளவுதான். கூடவே ஒரு போட்டோ. ஜெயமங்கலம் வீட்டுப் பரணிலிருந்து இறக்கித் திண்ணையில் வைத்து எடுத்தது. ஒரு பிஸ்கட் டின் நிறைய ஃப்ளாப்பிகள். பக்கத்தில் டிபன் பாக்ஸ் அளவில் கருநீலத்தில் ஒரு பெட்டி. அதன் மேல், ஃப்ளாப்பியைவிடத் தடிமனாக மூன்று டிஸ்க்குகள்.

'போட்டுடுங்க மாமா' என்று டைப் செய்துவிட்டு, அனுப்பும் முன் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே இருந்த டிஸ்க்கின் லேபிளில் மாமாவின் சாய்வான கையெழுத்து: 'வாத்தியார் பாட்டு - ஃபைனல்'. டைப் செய்ததை அழித்துவிட்டு போன் போட்டேன்.

மாமா 90-களின் கடைசியில் பெரியகுளத்தில் டி.டி.பி சென்டர் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று சுற்றுவட்டாரத்தின் நல்லது கெட்டதெல்லாம் அவர் விரல் வழியாகத்தான் போகும். எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் இருக்கிறார். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்கள் பாடும் பாட்டுகள், தாலாட்டு, ஒப்பாரி எல்லாவற்றையும் வருஷக்கணக்கில் நோட்டில் எழுதி வைத்தவர். டேப் ரெக்கார்டரெல்லாம் கிடையாது. வரப்பில் உட்கார்ந்து காதால் கேட்டு, கையால் எழுதியது. 2000-ம் ஆண்டு அதைப் புத்தகமாக்க மாமாவிடம் கொடுத்தார். மாமாவும் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து 118 பக்கம் அடித்து முடித்தார். அச்சுக்கூலிக்குப் பணம் சேரவில்லை. புத்தகம் வரவே இல்லை. நோட்டுகளைக் கரையான் தின்றுவிட்டது.

அந்தப் பாட்டுகளைச் சொன்ன பெண்களில் ஒருவர் எங்கள் அம்மாச்சி. 2011-ல் காலமாகிவிட்டார். அவர் பாடியதில் ஒரு வரிகூட வீட்டில் யாரிடமும் எழுத்தில் இல்லை.

ஆக, 25 வருஷப் பழைய டிஸ்க்கை இன்றைய விண்டோஸும் லினக்ஸும் படிக்குமா என்று சோதித்துப் பார்ப்பதுதான் இந்த வார வேலை. உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு டின் இருந்தால், கடைசிவரை படித்துவிட்டு முடிவெடுங்கள்.

ஃப்ளாப்பி தெரியும்... ஜிப் தெரியுமா?

ஃப்ளாப்பியை நேரில் பார்க்காத தம்பி தங்கைகளுக்கும் அதன் படம் தெரியும். 'சேவ்' பட்டனில் இருக்கிறதே, அதேதான். மூன்றரை இன்ச் ஃப்ளாப்பியின் கொள்ளளவு 1.44 எம்.பி. இன்று போனில் எடுக்கும் ஒரு போட்டோ அதற்குள் அடங்காது. 'ஒரு பத்திரிகை ஃபைலை நாலு ஃப்ளாப்பியா உடைச்சு எடுத்துக்கிட்டு, ஃபிலிம் எடுக்க மதுரைக்கு பஸ் ஏறுவேன். அங்க போனா மூணாவது ஃப்ளாப்பி படிக்காது. திரும்ப வந்து காப்பி பண்ணிட்டு மறுபடி பஸ் ஏறணும்' என்று மாமா இப்போது சிரித்துக்கொண்டே சொல்கிறார். அன்றைக்குச் சிரித்திருக்க மாட்டார்.

இந்த அவஸ்தைக்கு மருந்தாக வந்ததுதான் ஜிப் டிரைவ். அமெரிக்காவின் ஐயோமெகா நிறுவனம் 1994-ல் அறிவித்தது. ஒரு டிஸ்க்கில் 100 எம்.பி. அதாவது, கிட்டத்தட்ட 70 ஃப்ளாப்பியில் வைப்பதை ஒரே டிஸ்க்கில் வைக்கலாம். பின்னாளில் 250, 750 எம்.பி-யிலும் வந்தது. டி.டி.பி சென்டர்களுக்கும் அச்சகங்களுக்கும் அது வரப்பிரசாதம். சி.டி ரைட்டரும் பென் டிரைவும் மலிவானதும் ஜிப் காணாமல் போனது. கம்ப்யூட்டரில் ஃபைலைச் சுருக்கும் 'ஜிப்'புக்கும் இதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான்.

முதலில் ஃப்ளாப்பி

லீவு போட்டு ஊருக்குப் போகும்போதே யு.எஸ்.பி-யில் சொருகும் ஃப்ளாப்பி டிரைவ் ஒன்றை ஆன்லைனில் வாங்கிக்கொண்டேன். டிஸ்க்குகளை உடனே உள்ளே தள்ளிவிடக் கூடாது. உலோக மூடியை விரலால் ஒதுக்கி, உள்ளே இருக்கும் பழுப்பு வட்டத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். வெள்ளை வெள்ளையாகப் படர்ந்திருந்தால் பூஞ்சை. அதை அப்படியே சொருகினால் டிரைவின் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு, அடுத்து போடும் நல்ல டிஸ்க்கையும் கீறிவிடும். மாமாவின் டின்னில் இருந்த 23-ல் 6 இப்படி ஒதுங்கின.

மற்றவற்றின் மூலையில் இருக்கும் சின்னத் தாழ்ப்பாளைத் தள்ளி, ஓட்டை தெரியும்படி வைத்தேன். ஓட்டை திறந்திருந்தால் கம்ப்யூட்டரால் அந்த டிஸ்க்கில் எதையும் எழுத முடியாது. நாம் தப்பித் தவறி எதையாவது அமுக்கினாலும் பழைய ஃபைல் பிழைக்கும்.

விண்டோஸ் 11 லேப்டாப்பில் சொருகினேன். எந்த சி.டி-யும் போடவில்லை, எதையும் டவுன்லோட் செய்யவில்லை. 'ஏ' டிரைவ் என்று வந்து நின்றது. இந்தத் தலைமுறை லேப்டாப்பில் 'ஏ' என்ற எழுத்தை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கர்ர்ர் கர்ர்ர் என்று மாவு மில் சத்தம். 17-ல் 12 முழுசாகப் படித்தது. மூன்று பாதி. இரண்டில், 'ஃபார்மட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்டது.

இந்த இடத்தில் கவனம். அந்தக் கேள்விக்கு 'ஆமாம்' என்று அமுக்கிவிட்டால் கதை முடிந்தது. 'எனக்குப் புரியவில்லை' என்பதைத்தான் விண்டோஸ் அப்படிக் கேட்கிறது. டிஸ்க் காலி என்று அர்த்தமில்லை. அந்தக் கால ஆப்பிள் மேக் கம்ப்யூட்டரில் எழுதிய ஃப்ளாப்பியைப் போட்டாலும் இதே கேள்விதான் வரும். ஆப்பிளே தன் பழைய ஃபைல் அமைப்பைப் படிப்பதை 2019-ல் வந்த கேட்டலினா பதிப்போடு நிறுத்திவிட்டது.

படித்த ஃப்ளாப்பிகளில் என்ன இருந்தது? யார் யாருடைய கல்யாணமோ. அதில் சில மணமக்கள் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள் என்றார் அத்தை. ஒரு ஃப்ளாப்பியில் மட்டும் 'ஃபான்ட்' என்று லேபிள். அப்போது அதைச் சட்டை செய்யாமல் ஒதுக்கி வைத்தேன். அதன் அருமை பிறகுதான் தெரிந்தது.

துண்டுக்குள் விரல் பேசும் தரகர்

இங்கே 'டிரைவர்' பற்றிச் சொல்லிவிட வேண்டும். மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அதுபோல ஒவ்வொரு கருவிக்கும் ஒரு விரல் பாஷை உண்டு. ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பேச்சை அந்த விரல் பாஷைக்கு மாற்றிச் சொல்லும் தரகர்தான் டிரைவர் என்ற சின்ன புரோகிராம். தரகர் இல்லையென்றால் மாடும் இருக்கும், பணமும் இருக்கும், வியாபாரம் நடக்காது.

யு.எஸ்.பி-யில் சொருகும் சேமிப்புக் கருவிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே பொது பாஷை பேசுகின்றன. அந்தத் தரகர் விண்டோஸ், லினக்ஸ் எல்லாவற்றிலும் கூடவே வருகிறார். அதனால்தான் ஃப்ளாப்பி சட்டென்று வந்தது. யு.எஸ்.பி மாடல் ஜிப் டிரைவ் கையில் இருந்தால் அதுவும் இப்படியே வந்துவிடும்.

கம்ப்யூட்டருக்குள்ளேயே பொருத்தும் பழைய ஃப்ளாப்பி டிரைவின் நிலைமை வேறு. அதற்கான லினக்ஸ் டிரைவரைப் பராமரித்தவரிடம் சோதித்துப் பார்க்க ஓடுகிற ஃப்ளாப்பி டிரைவே இல்லாமல் போனது. 2019-ல் லினக்ஸின் தந்தை லினஸ் டோர்வால்ட்ஸ் அதை 'அநாதை' என்று குறித்து வைத்தார். இன்னொருவர் முன்வந்து தத்தெடுத்துக்கொண்டார் என்பது ஆறுதல். சோனி நிறுவனம் ஃப்ளாப்பி விற்பனையை 2011 மார்ச்சோடு முடித்துக்கொண்டது. அப்படியும் ஜப்பான் அரசு, 'ஃப்ளாப்பியில்தான் மனு கொடுக்க வேண்டும்' என்பது மாதிரியான ஆயிரத்துக்கும் மேற்பட்ட விதிகளை ஒழித்துக் கட்டியது 2024-ல்தான். புல்லட் ரயில் விட்ட நாட்டில் இந்தக் கதை என்றால், நம் பரணைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

கேபிள் வாங்கி ஏமாந்தேன்

மாமாவின் நீலப் பெட்டி யு.எஸ்.பி மாடல் இல்லை. பின்னால் 25 ஊசி கொண்ட அகலமான சொருகி. பழைய பிரிண்டர்களைக் கம்ப்யூட்டரோடு இணைப்பார்களே, அந்த பேரலல் போர்ட். என் லேப்டாப்பில் அப்படி ஒன்று கிடையாது. உங்களுடையதிலும் இருக்காது.

யு.எஸ்.பி-யை பிரிண்டர் போர்ட்டாக மாற்றும் கேபிள் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. 'அவ்வளவுதானே' என்று ஆர்டர் போட்டேன். இரண்டு நாளில் வந்தது. சொருகினேன். டிவைஸ் மேனேஜரில் 'யு.எஸ்.பி பிரிண்டிங் சப்போர்ட்' என்று ஒரு வரி வந்தது. ஜிப் டிரைவைக் காணோம். காரணம் எளிது. அந்த கேபிளுக்கு பிரிண்டர் பாஷை மட்டும்தான் தெரியும். அதுவும் ஜிப் டிரைவும் சொருகி அளவில் பொருந்துகின்றனவே தவிர, ஒன்று பேசுவது மற்றதற்குப் புரியாது. கேபிள் விற்பவர் இதை எழுதி வைப்பதில்லை. என் காசு போனது, உங்கள் காசாவது மிஞ்சட்டும்.

மாமாவின் டின்னில் விண்டோஸ் 98 காலத்து டிரைவர் சி.டி-யும் இருந்தது. அதுவும் இப்போது உதவாது. விண்டோஸ் 11 முழுக்க 64 பிட். 32 பிட் காலத்து டிரைவரை அது வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். 'பழைய டிரைவர் இலவச டவுன்லோட்' என்று கூவும் வெப்சைட்டுகள் பக்கம் மட்டும் போகாதீர்கள். டிரைவர் வருகிறதோ இல்லையோ, வைரஸ் நிச்சயம் வரும்.

தேனியில் கிடைத்த ஒரு மூத்த கம்ப்யூட்டர்

தேனியில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். போன் போட்டதும், "பிரிண்டர் போர்ட் வச்ச மதர்போர்டு ஒண்ணு மூலையில கெடக்கு. கொண்டு வாம்மா, பாப்போம்" என்றார். நீலப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நானும் மாமாவும் பஸ் ஏறினோம். 'மறுபடி இதைத் தூக்கிக்கிட்டு பஸ்ஸா' என்று மாமா வழியெல்லாம் புலம்பினார்.

அடாப்டரில் சரியாக 5 வோல்ட் வருகிறதா என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் அண்ணன் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தார். பச்சை விளக்கு எரிந்தது. அடுத்து ஒரு பயம் பாக்கி. ஜிப் டிரைவுகளுக்கு 'மரண க்ளிக்' என்றே பேர் வைத்த ஒரு வியாதி உண்டு. ஹெட் இடம் தவறி 'டக்... டக்... டக்' என்று அடித்துக்கொள்ளும். கெட்ட ஹெட் டிஸ்க்கின் ஓரத்தைக் கிழிக்கும். கிழிந்த டிஸ்க்கை வேறு டிரைவில் போட்டால் அந்த ஹெட்டையும் கெடுக்கும். தொற்று நோய் மாதிரி. 1998-ல் இதற்காக அமெரிக்காவில் ஐயோமெகா மீது வழக்கே போட்டார்கள். அதனால், 'காலண்டர்' என்று எழுதிய டிஸ்க்கை முதலில் பலி கொடுப்பது என்று முடிவானது. மாமா உள்ளே தள்ளினார். மூவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். 'விர்ர்' என்ற சுழலும் சத்தம் மட்டும். க்ளிக் இல்லை.

அந்தப் பழைய கம்ப்யூட்டரில் இன்றைய லினக்ஸைப் போட்டிருந்தார் அண்ணன். விண்டோஸ் கைவிட்ட இந்தப் பெட்டிக்கு லினக்ஸில் தரகர்கள் இன்னமும் இருக்கிறார்கள், இரண்டு பேர். ஆரம்ப கால மாடலுக்கு 'பி.பி.ஏ', பின்னால் வந்த மாடலுக்கு 'ஐ.எம்.எம்'. தானாக வர மாட்டார்கள், பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பி.பி.ஏ-வைக் கூப்பிட்டோம். பதில் இல்லை. மதர்போர்டு செட்டிங்கில் போர்ட்டை 'இ.பி.பி' முறைக்கு மாற்றிவிட்டு ஐ.எம்.எம்-ஐக் கூப்பிட்டோம். திரையில் நாலைந்து வரிகள் ஓடின. நடுவில் 'ஐயோமெகா ஜிப் 100' என்று ஒரு வரி.

"வந்துருச்சு" என்றார் மாமா. 25 வருஷம் கழித்து ஒரு பழைய நண்பனைப் பார்த்த மாதிரி அந்த நீலப் பெட்டியைத் தட்டிக் கொடுத்தார்.

ஆனாலும் டிஸ்க் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் மண்டையைக் குழப்பியது. பென் டிரைவில் ஃபைல்கள் பொதுவாக முதல் பார்ட்டிஷனில் இருக்கும். கம்பெனியில் ஃபார்மட் செய்து வந்த ஜிப் டிஸ்க்கில் நான்காவதில் இருக்கும். முதல் மூன்றும் காலி. நான்காவதைத் திற என்றதும் காலண்டர் ஃபைல்கள் வரிசையாக வந்தன.

'வாத்தியார் பாட்டு' டிஸ்க்கை அப்படித் திறக்கவில்லை. ஃப்ளாப்பியில் இருக்கும் தாழ்ப்பாள் ஜிப் டிஸ்க்கில் கிடையாது. சொருகியதும் கம்ப்யூட்டர் அதில் எதையாவது எழுதிவிடும் ஆபத்து உண்டு. அதனால் ஃபைல்களைத் தொடாமல், டிஸ்க் முழுவதையும் ஓரம் முதல் ஓரம் வரை அப்படியே நகல் எடுக்கும் 'டிடி ரெஸ்க்யூ' என்ற இலவச புரோகிராமை ஓடவிட்டோம். நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, மக்கர் பண்ணும் இடங்களைக் குறித்து வைத்து, பிறகு திரும்பத் திரும்பப் போய்க் கேட்டுப் பார்க்கும். சாகக் கிடக்கும் டிஸ்க்கிடம் பேச இதைவிடப் பொறுமையான ஆள் கிடையாது.

டீ குடித்துவிட்டு வந்தோம். முடியவில்லை. இன்னொரு டீ. கடைசியில், ஒரு சின்னத் துண்டு தவிர மிச்சமெல்லாம் வந்துவிட்டது. அந்தத் துண்டை எத்தனை தடவை கேட்டும் டிஸ்க் தரவில்லை. அந்த நகலைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

திறந்தது... தமிழைக் காணோம்!

டிஸ்க்கில் மூன்று ஃபைல்கள். 'ஃபைனல்', 'ஃபைனல் 1', 'ஃபைனல் கடைசி'. டி.டி.பி வேலை பார்த்த யாரும் இதைப் படித்துச் சிரிக்காமல் இருக்க முடியாது.

மூன்றும் பேஜ்மேக்கர் 6.5 ஃபைல்கள். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-ல் வந்ததோடு சரி. அதற்குப் பதிலாக வந்த இன்டிசைன் கொஞ்ச காலம் பழைய ஃபைல்களைத் திறந்தது. சி.எஸ்.6-க்குப் பிறகு அதுவும் கைவிட்டது. ஆனால், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் 2015 முதல் பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கிறது. காசு வாங்குபவர் கதவடைத்த இடத்தில் இலவசக்காரர் திறந்து வைத்திருக்கிறார்.

'ஃபைனல் கடைசி'யைத் திறந்தேன். 118 பக்கமும் வந்தது. ஒரு பக்கத்தில்கூட தமிழ் இல்லை. இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகப் பூச்சி ஊர்ந்த மாதிரி இருந்தது. மாமாவின் முகம் தொங்கிவிட்டது. "போச்சா பாப்பா?"

போகவில்லை. யூனிகோட் பரவும் முன், கம்ப்யூட்டருக்குத் தமிழ் என்று ஒரு மொழி இருப்பதே தெரியாது. இங்கிலீஷ் எழுத்துகள் உட்காரும் நாற்காலிகளில் தமிழ் எழுத்துகளின் படத்தை உட்கார வைத்தார்கள். மாமா பயன்படுத்தியது பாமினி முறை ஃபான்ட். அதில் 'அம்மா' என்று அடித்தால், ஃபைலில் உண்மையில் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற ஐந்து எழுத்துகள். பாமினி ஃபான்ட் இருந்தால் திரையில் 'அம்மா' தெரியும். இல்லையென்றால் அந்த ஐந்து எழுத்துகள்தான். பக்கத்துக் கடைக்காரர் ஸ்ரீலிபி வைத்திருப்பார், இன்னொருவர் வானவில். ஒருவர் ஃபைல் இன்னொருவர் கடையில் படிக்காது.

இந்தக் கூத்தைத் தீர்க்கத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூட்டி டாம், டாப் என்ற பொதுக் குறியீடுகளைப் பேசி முடித்தார்கள். நாம் இன்று பயன்படுத்தும் தமிழ்99 கீபோர்டும் அங்கே பிறந்ததுதான். அதற்கு முன்பே 1998 பொங்கலன்று முனைவர் கு.கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகம் முழுவதும் இருந்த தமிழர்கள் இலக்கியங்களை டிஸ்கி என்ற இன்னொரு குறியீட்டில் ஏற்றினார்கள். பிறகு யூனிகோட்டுக்கும் கொண்டுவந்தார்கள். சங்க இலக்கியம் இன்று உங்கள் போனில் திறப்பதற்குப் பின்னால் அந்த உழைப்பும் இருக்கிறது. தமிழ்நாடு அரசு யூனிகோட்டை அதிகாரபூர்வமாக ஏற்றது 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டையொட்டி. மாமாவின் ஃபைலுக்கு அதெல்லாம் பொருந்தாது. அது 2000-லேயே பரண் ஏறிவிட்டது.

அப்போதுதான் 'ஃபான்ட்' என்று லேபிள் ஒட்டிய அந்த ஃப்ளாப்பி ஞாபகம் வந்தது. நல்ல வேளை, முழுசாகப் படித்த 12-ல் அதுவும் ஒன்று. அதிலிருந்த ஃபான்ட்டை விண்டோஸ் 11-ல் ஏற்றிவிட்டு ஃபைலைத் திரும்பத் திறந்தேன். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'நடவுப் பாட்டு'. மாமா ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

இதில் ஒரு வேடிக்கை. 2000-ல் எழுதிய டிஸ்க்கை 2020-களின் லினக்ஸ் படித்துவிட்டது. எல்லாரும் பயப்படுகிற டிரைவர் பிரச்னை ஒரு பகலில் தீர்ந்தது. கழுத்தில் கத்தி வைத்தது 1.44 எம்.பி ஃப்ளாப்பியில் இருந்த ஒரு ஃபான்ட்தான். அது பூஞ்சை பிடித்த ஆறில் ஒன்றாக இருந்திருந்தால், பாமினிதான் என்று கண்டுபிடிக்கவே இன்னும் நாலு நாள் ஆகியிருக்கும். ஆளே கேள்விப்படாத ஒரு ஃபான்ட்டாக இருந்திருந்தால்? டிஸ்க்கைத் தேடி எடுக்கும்போது, அந்தக் கடையில் என்ன ஃபான்ட் வைத்திருந்தார்கள் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதைச் சொல்ல வேண்டியவர்கள் எல்லாருக்கும் இப்போது அறுபது வயசுக்கு மேல்.

போனில் படிக்க வேண்டுமானால் யூனிகோட்டுக்கு மாற்ற வேண்டும். என்.ஹெச்.எம் கன்வெர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் என்று இரண்டு இலவச வசதிகள் பல வருஷங்களாகத் தமிழர்களைக் காப்பாற்றி வருகின்றன. மாற்றியதும் ஒரு புதுக் குழப்பம். 'நீர்' என்பதெல்லாம் 'நீா்' என்று வந்திருந்தது. வித்தியாசம் தெரிகிறதா? ரகரத்துக்குப் பதில் துணைக்காலைப் போட்டுப் புள்ளி வைத்திருக்கிறார் மாமா. "அச்சுல பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான. அது கைக்கு வாகா இருக்கும், வேகமா அடிக்கலாம்" என்கிறார். அச்சில் ஒன்றுதான். ஆனால், சர்ச்சில் 'நீர்' என்று தேடினால் ஒன்றுகூட சிக்காது. மொத்தமாக மாற்றிப்போட்டு, 118 பக்கத்தையும் ஒரு தடவை கண்ணால் பார்த்து முடிக்க இரண்டு ராத்திரி ஆனது.

74-ம் பக்கம்

பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போனோம். 86 வயது. கட்டிலில் உட்கார்ந்தபடியே தாளை வாங்கி, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. 31-ம் பக்கத்தில் விரல் நின்றது.

"இது ஒங்க அம்மாச்சி சொன்னது தாயி. 'நீங்க எழுதிக்கிட்டே இருந்தா நாத்த யாரு நடுறது'ன்னு என்னைய ஏசிப்புட்டுத்தான் சொல்லுச்சு."

அம்மாச்சி ஏசுவதை நான் கேட்டிருக்கிறேன். பாடிக் கேட்டதில்லை. அந்தப் பக்கத்தை அம்மாவுக்கு போனில் அனுப்பினேன். இரண்டு நீல டிக் வந்தது. அன்றைக்கு முழுக்கப் பதில் வரவில்லை. மறுநாள் காலையில் ஆடியோ வந்தது. அந்தப் பாட்டை அம்மா மெட்டோடு பாடியிருந்தார். எழுத்தில் இல்லாத மெட்டு அவரிடம் இருந்திருக்கிறது.

வாத்தியார் இன்னும் படித்துக்கொண்டே போனார். இடையிடையே, "இது திருத்தம் சொன்னேனே, போடலையா?" என்று மாமாவைப் பார்த்தார். 'ஃபைனல் கடைசி'யும் கடைசி இல்லை போல. மாமா தலையைச் சொறிந்தார்.

74-ம் பக்கம் வந்ததும் நிமிர்ந்தார். அங்கிருந்து மூன்று பக்கத்துக்கு எழுத்தெல்லாம் உடைந்து, கட்டம் கட்டமாக இருந்தது. டிஸ்க் கடைசிவரை தர மறுத்த அந்தச் சின்னத் துண்டு இதுதான். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"இது களையெடுப்புப் பாட்டு. சொன்ன ஆளு இருக்கே! கெழக்குத் தெருவுல, மகன் வீட்டுல. காது மந்தம். ஆனா நீ மொத வார்த்தையச் சத்தமாச் சொல்லிட்டா போதும், மிச்சத்தை அதுவாப் பாடும்."

"மொத வார்த்தை என்னங்கய்யா?"

சொன்னார். போனில் குறித்துக்கொண்டேன்.

"ஞாயித்துக்கெழம காலையில வா, நானும் வாரேன். போனுக்கு சார்ஜு போட்டு எடுத்தா."